கீமோவுக்கு தனி டிரிப் செட் கேக்கறது ஏமாத்து வேலையா? பாட்டிலும் டியூப்பும் மருந்தை என்ன பண்ணுதுன்னு ஒரு நீளமான பதில்

தம்பி கேட்டது இதுதான்: அம்மாவுக்கு மார்பக புற்றுநோய், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஆஸ்பத்திரில பாக்லிடாக்செல் ஆரம்பிக்கப் போறாங்க, சிஸ்டர் எழுதிக் குடுத்த சீட்டுல கண்ணாடி பாட்டில் சலைன், நான்-பிவிசி செட், ஃபில்டர்னு இருக்கு, மெடிக்கல் ஷாப்காரர் "அதெல்லாம் சும்மா, சாதா செட்டே போதும், இது பல மடங்கு விலை"ன்னு சொல்லிட்டார். அதோட இன்னொரு சந்தேகம், போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு தருமபுரில சேர்த்தப்ப சாதா செட்டுலயே நைட்ரோகிளிசரின் ஓடுச்சே, அப்ப அது தப்பா போட்டாங்களா? கடைசியா, ஊர் கிளினிக்ல டிரிப்ஸ் பாட்டில் மேல ஒரு ஊசியை குத்தி விடறாங்களே, அது எதுக்கு?

நான் ஆஸ்பத்திரி பார்மசியில வேலை பாக்கறவன், தருமபுரிதான். மூணுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல அம்மா விஷயம். சிஸ்டர் எழுதினது சரி, ஏமாத்து இல்ல. கடைக்காரர் பேச்சைக் கேட்டு சாதா செட் வாங்கிட்டு போயிடாதீங்க. ஆனா அந்த சீட்டுல இருக்கற மூணுல கண்ணாடி பாட்டில்தான் இருக்கறதுலயே கம்மி முக்கியம், டியூப்தான் ரொம்ப முக்கியம். நம்ம ஜனங்க (சில டாக்டர்களும்தான்) பாட்டிலைப் பத்தியே கவலைப்படறாங்க, கீழ தொங்கற ஒன்றரை மீட்டர் டியூப்பை யாரும் பாக்கறதில்ல.

ஏன்னா நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல இன்னைக்கு தொங்கற சலைன், குளுக்கோஸ், ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) பாட்டில்ல பெரும்பாலானது எல்டிபிஇ, அதாவது பாலிஎத்திலீன். அந்த மெத்துனு லேசா வெள்ளை மங்கலா இருக்கும் பாருங்க, அதேதான். அதுல பிளாஸ்டிசைசர்னு, அதாவது பிளாஸ்டிக்கை மெத்துனு ஆக்கற சரக்கு, எதுவும் கலக்கறதில்ல, அந்த பிளாஸ்டிக்கே இயல்பா வளையும். வெளிநாட்டுல ரொம்ப காலமா ஓடினது பிவிசி பை. பிவிசி இயல்புல விறைப்பான சரக்கு, போர்வெல்லுக்கு இறக்கற பைப்பும் பிவிசிதானே. அதை மெத்துனு ஆக்க டிஇஎச்பின்னு ஒரு எண்ணெய் மாதிரி ரசாயனத்தை ஊத்திப் பிசையறாங்க, பையோட எடையில 30 - 40 சதவீதம் வரைக்கும் அதுவே இருக்கும். விஷயம் என்னன்னா அது பிவிசியோட கெட்டியா பிணைஞ்சு இருக்கறதில்ல, நடுவுல சும்மா உக்காந்திருக்கு. எண்ணெய்த்தன்மை உள்ள திரவம் பக்கத்துல வந்தா கிளம்பி அதுக்குள்ள போயிடும். பாட்டில் எல்டிபிஇயா இருந்தாலும் நம்ம சாதா ஐவி செட்டோட டியூப் பிவிசி. அதனால வெளிநாட்டுக் கட்டுரைகள்ல "பை"ன்னு எழுதியிருக்கற பிரச்னை நம்ம ஊர்ல முக்காவாசி டியூப் பிரச்னை.

இப்ப பாக்லிடாக்செல். இது தண்ணில கரையவே கரையாத மருந்து. கரைக்கறதுக்காக கிரீமோஃபோர்னு ஒண்ணு சேர்த்திருக்காங்க, அது ஆமணக்கு எண்ணெயில இருந்து செய்யற கரைப்பான், நம்ம பக்கம் கொட்டமுத்துன்னு சொல்றோமே அதோட எண்ணெய்தான் மூலம். இந்த கரைப்பான் பிவிசியைத் தொட்டுக்கிட்டே ஓடினா டிஇஎச்பியை உருவி எடுத்துக்கிட்டு நேரா நரம்புக்குள்ள கொண்டு போகும். அதுவும் மூணு மணி நேரம், சில முறையில 24 மணி நேரம் வரைக்கும் ஓடற இன்ஃப்யூஷன். அதனாலதான் மருந்தோட பிரசுரத்துலயே தெளிவா போட்டிருக்கும்: கலக்கறது கண்ணாடி, பாலிப்ரொப்பிலீன் இல்லன்னா பாலியோலிஃபின்ல, ஓடறது உள்பக்கம் பாலிஎத்திலீன் பூசின செட்டுல, நடுவுல 0.22 மைக்ரானுக்கு மேல போகாத ஃபில்டர். ஃபில்டர் எதுக்குன்னா கலக்கின மருந்து சில நேரம் லேசா மங்கும், துகள் கட்டும், அது உடம்புக்குள்ள போகக்கூடாது. கண்ணாடி பாட்டில் கிடைக்கலன்னா பதற வேண்டாம், எல்டிபிஇயும் பாலியோலிஃபின் குடும்பம்தான், எதுல கலக்கறதுன்னு ஆங்காலஜி டாக்டரே சொல்வார். டியூப்லயும் ஃபில்டர்லயும் மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை முதல்ல பாத்துக்கோங்க. பாக்லிடாக்செல்லயே அல்புமின் சேர்த்தது ஒண்ணு வருது, நாப்-பாக்லிடாக்செல்னு சொல்வாங்க. அதுல கிரீமோஃபோரே கிடையாது, அதனால தனி செட் தேவையில்ல, இன்-லைன் ஃபில்டரும் போடக் கூடாது. சீட்டுல எந்த பாக்லிடாக்செல்னு பாத்துட்டு கடைக்குப் போங்க. நாப் எழுதியிருந்தும் ஃபில்டர் செட் வாங்கச் சொன்னா அப்ப கேள்வி கேக்கலாம், தப்பே இல்ல. டோசிடாக்செல்னு இன்னொரு கீமோ மருந்து இருக்கு, அதுக்கு கரைப்பான் வேற (பாலிசார்பேட் 80) ஆனா அதுவும் டிஇஎச்பியை உருவும், அதுக்கும் நான்-பிவிசிதான்.

கடையில பாக்கெட்டை கையில வாங்கிப் படிங்க. "டிஇஎச்பி ஃப்ரீ"ன்னு போட்டிருக்கறதும் "நான்-பிவிசி"ன்னு போட்டிருக்கறதும் ஒண்ணு இல்ல. டிஇஎச்பி ஃப்ரீன்னா பல நேரம் அது பிவிசிதான், டிஇஎச்பிக்கு பதிலா வேற பிளாஸ்டிசைசர் போட்டிருப்பாங்க. அம்மாவுக்கு வேண்டியது நான்-பிவிசி, இல்லன்னா உள்பக்கம் பாலிஎத்திலீன் லைனிங் உள்ளதுன்னு போட்டது. கையில பிடிச்சாலே சாதா செட்டை விட கொஞ்சம் விறைப்பா இருக்கும். கடைக்காரங்க ரெண்டையும் ஒண்ணுன்னே எடுத்து நீட்டறாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, அவங்களுக்கே தெரியாது.

டிஇஎச்பி உள்ள போனா என்ன ஆகும்னு அடுத்து கேப்பீங்க. எலி, சுண்டெலியில பண்ண ஆராய்ச்சில ஆண் குட்டிங்களோட விரை வளர்ச்சியையும் விந்து உற்பத்தியையும் கெடுக்குதுன்னு தெரிஞ்சுது. அதை வெச்சு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002ல எச்சரிக்கை விட்டாங்க, ரொம்ப கவனமா இருக்க வேண்டியது ஆண் பச்சைக் குழந்தைங்க, ஆண் கரு சுமக்கற கர்ப்பிணிங்க, வயசுக்கு வர்ற பருவத்துல இருக்கற பசங்கன்னு. வயசான ஆளுக்கு ரெண்டு பாட்டில் சலைன் ஏத்தினதுல எதுவும் ஆகிடாது, சலைன்ல எண்ணெயே இல்ல, டிஇஎச்பி வர்றதும் சொற்பம். குறைமாசத்துல பொறந்து என்ஐசியூவுல வாரக்கணக்கா கிடக்கற ஒரு கிலோ குழந்தை வேற கதை, அதுக்கு கொழுப்பு எமல்ஷன், சுவாசக் குழாய், ரத்தம்னு எல்லாமே பிளாஸ்டிக் வழியாத்தான் போகுது, எடையோ இத்துனூண்டு. அங்கதான் நான்-பிவிசிக்கு உண்மையிலயே காசு செலவு பண்ணணும். கலிஃபோர்னியாவுல 2024ல சட்டமே போட்டுட்டாங்க, 2030ல இருந்து டிரிப் பையில டிஇஎச்பி கூடாது, 2035ல இருந்து டியூப்லயும் கூடாதுன்னு.

வேடிக்கை என்னன்னா ரத்தப் பையில மட்டும் இதே டிஇஎச்பியால ஒரு லாபம் இருக்கு, சிவப்பணுவோட மேல் சவ்வுல போய் ஒட்டிக்கிட்டு அது சீக்கிரம் உடையாம காப்பாத்துது. அதனாலதான் எல்லாத்துலயும் மாத்தினவங்க ரத்தப் பையில மாத்த இவ்வளவு காலம் திணறினாங்க.

சரி, அப்பா கதைக்கு வருவோம். இது நேர் எதிர் பிரச்னை. பிளாஸ்டிக்ல இருந்து மருந்துக்குள்ள ஒண்ணு வர்றது பாக்லிடாக்செல் கதை, மருந்து பிளாஸ்டிக்குக்குள்ள போய் காணாம போறது நைட்ரோகிளிசரின் கதை. ஊறுகாய் வெச்ச பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை விளக்கினாலும் எண்ணெய் வாசனை போகாது பாருங்க, அதே மாதிரி நைட்ரோகிளிசரின் பிவிசிக்குள்ள இறங்கிடும். அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்ல, பாட்டில்ல கலக்கின மொத்த மருந்துல 40ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் பிவிசி டியூப் இழுத்துக்கும்னு மருந்து பிரசுரமே சொல்லுது. டியூப் நீளமா இருந்தா கூடும், மெதுவா ஓடினா இன்னும் கூடும், ஏன்னா அவ்வளவு நேரம் டியூப் சுவரைத் தொட்டுக்கிட்டே போகுது. கண்ணாடியிலயும் பாலிஎத்திலீன்லயும் இந்த இழப்பு ரொம்ப கம்மி.

அப்ப அப்பாவுக்கு பாதி மருந்து போகலயான்னா, கணக்குப்படி போகாம இருந்திருக்கலாம், ஆனா பாதிப்பு வந்திருக்காது. நைட்ரோகிளிசரின் கணக்கு பாத்து விட்டுட்டுப் போற மருந்து இல்ல, பிபியையும் வலியையும் பாத்து பாத்து கூட்டிக் குறைக்கற மருந்து. வலி நிக்கல, பிபி இறங்காம நிக்குதுன்னா சிஸ்டர் ரேட்டைக் கூட்டுவாங்க. டியூப் தின்னது போக உடம்புக்கு வேண்டியது எப்படியும் போயிடும். பழைய காலத்து ஆராய்ச்சியெல்லாம் பிவிசி டியூப்ல பண்ணது, அதுல ஆரம்ப டோஸ் நிமிஷத்துக்கு 25 மைக்ரோகிராம். இழுக்காத டியூப்ல ஆரம்பிக்கணும்னா 5 மைக்ரோகிராம் போதும். அஞ்சு மடங்கு வித்தியாசம், டியூப்பால மட்டும்.

ஆபத்து எங்க வருதுன்னா மாத்தும்போது. நோயாளி ஒரு இடத்துல சாதா செட்டுல நல்ல ரேட்டுல ஓடிக்கிட்டு இருக்கார், பிபி சரியா நிக்குது. 108ல ஏத்தி சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பறாங்க. அங்க ஐசியூவுல நான்-பிவிசி லைன் மாட்டி, ரெஃபரல் சீட்டுல எழுதியிருக்கற அதே ரேட்டை பம்ப்ல அடிக்கறாங்க. இப்ப டியூப் எதையும் இழுக்கல, முழு மருந்தும் உள்ள போகுது, கொஞ்ச நேரத்துல பிபி தடால்னு இறங்கும். எல்லாரும் ஹார்ட் பம்ப் பண்ணலயோன்னு எக்கோ மெஷினைத் தேடுவாங்க, டியூப்பை எவனும் சந்தேகப்பட மாட்டான். அதனால ரெஃபரல் சீட்டுல மருந்து, ரேட் எழுதறதோட எந்த செட்டுன்னு ரெண்டு வார்த்தை எழுதினா நல்லது, நர்ஸிங் படிக்கற பசங்க யாராவது படிச்சா இதை மனசுல வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, மேல சொன்ன "டிஇஎச்பி ஃப்ரீ பிவிசி" இங்க உதவவே உதவாது, அதுவும் நைட்ரோகிளிசரினை இழுக்கும்.

இன்சுலின் இன்னொரு ரகம். அது உள்ள இறங்கறதில்ல, மேல் பரப்புல ஒட்டிக்கும். பிவிசின்னு இல்ல, கண்ணாடி, பாலிஎத்திலீன் எல்லாத்துலயும் ஒட்டும், அதனால விலை ஜாஸ்தி செட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. இதுக்கு வைத்தியம் ஒண்ணுதான், நோயாளிக்கு மாட்டறதுக்கு முன்னாடி கலக்கின இன்சுலின்ல 20 மில்லி டியூப் வழியா ஓட்டி கீழ விட்டுடணும். ஒட்ட வேண்டியது ஒட்டி சுவர் நிரம்பிடும், அப்புறம் வர்றது ஒழுங்கா வரும். ஆனா 50 மில்லி சிரிஞ்சுல 50 யூனிட் போட்டு பம்ப்ல வைக்கற இடத்துல 20 மில்லி கொட்டறதுக்கு யாருக்கும் மனசு வராது, "வீணாப் போகுதே"ன்னு நாலு சொட்டு விட்டுட்டு மாட்டிடுவாங்க. என்ன ஆகும்? கீட்டோஅசிடோசிஸ்ல (சர்க்கரை ஏறி ரத்தத்துல அமிலம் சேர்ற நிலை) வந்த பையனுக்கு முதல் சில மணி நேரம் சர்க்கரை இறங்கவே இறங்காது, டூட்டி டாக்டர் ரேட்டைக் கூட்டுவார், அதுக்குள்ள டியூப் நிரம்பி முழு டோஸும் வர ஆரம்பிக்கும், கூட்டின ரேட்டோட சேர்ந்து விடியக்காலையில லோ சுகர். டாக்டரும் தப்பு பண்ணல, மருந்தும் நல்ல மருந்துதான்.

இதயத் துடிப்பு தாறுமாறா ஓடும்போது போடற அமியோடரோன் பத்தியும் ஒரு வரி, ஏன்னா இதுல படிச்சவங்களே குழம்புவாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடறதா இருந்தா கண்ணாடி இல்ல பாலியோலிஃபின் பாட்டில்ல கலக்கணும், பிவிசி பையில கூடாது. ஆனா டியூப் பிவிசியாவே இருக்கட்டும்னு பிரசுரம் சொல்லும்! காரணம், டோஸ் கண்டுபிடிச்ச ஆராய்ச்சியெல்லாம் பிவிசி டியூப்ல நடந்தது, அந்த இழப்பையும் சேர்த்துத்தான் டோஸே போட்டிருக்காங்க. நான்-பிவிசின்னா எப்பவும் உசத்தின்னு நினைக்கறவங்களுக்கு இது ஒண்ணு போதும்.

இப்ப ஊசி குத்தற விஷயம், எனக்கு இதுலதான் கோவம் அதிகம்.

கண்ணாடி பாட்டில் சுருங்காது. உள்ள இருந்து திரவம் இறங்கணும்னா அந்த இடத்துக்கு காத்து போயாகணும், இல்லன்னா உள்ள வெற்றிடம் ஆகி சொட்டு நின்னுடும். பிவிசி பையோ நல்ல நான்-பிவிசி பையோ தானா சப்பிக்கும், அதுக்கு காத்தே வேண்டாம். நம்ம எல்டிபிஇ பாட்டில் ரெண்டும் இல்லாத நடுவுல நிக்கற சாதி. கொஞ்சம் சுருங்கும், அப்புறம் முரண்டு பிடிக்கும், சொட்டு மெதுவாகும், கடைசி கொஞ்சம் இறங்கவே இறங்காது. சிஸ்டருக்கு முப்பது பேஷன்ட், நின்னு பாக்க நேரம் இல்ல, ஒரு ஊசியை எடுத்து பாட்டில் மேல குத்திட்டு போயிடறாங்க. வேலை நடக்கும். ஆனா அந்த ஊசி வழியா வார்டு காத்து எந்த வடிகட்டியும் இல்லாம ஸ்டெரைல் திரவத்துக்குள்ள போகுது. பக்கத்து பெட்டுல இருமறவர் காத்து, பெருக்கற தூசி எல்லாமும்தான். கிருமிக்கு குளுக்கோஸ் கிடைச்சா கேக்கவா வேணும். அமெரிக்காவுல 1970-71ல பாட்டில் மூடியோட உள் லைனிங்கை மாத்தினதுல கிருமி புகுந்து பல ஆஸ்பத்திரில ரத்தத் தொற்று பரவினது பெரிய வரலாறு, ஒரு மூடியில வந்த வினை அது. பின்னாடி அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்ஸிகோன்னு நாலு நாட்டு ஐசியூக்கள்ல காத்து புகற பாட்டில்ல இருந்து தானா சுருங்கற பைக்கு மாத்திப் பாத்தப்ப சென்ட்ரல் லைன் (பெரிய நரம்புல போடற குழாய்) வழியா வர்ற ரத்தத் தொற்று மூணுல ஒரு பங்கா குறைஞ்சுது.

பை வாங்க வசதி இல்லன்னாலும் ஊசி தேவையே இல்ல. பெரும்பாலான சாதா ஐவி செட்டுலயே சொட்டு விழற அறைக்கு மேல, பாட்டில்ல குத்தற முனைக்குப் பக்கத்துல ஒரு குட்டி மூடி இருக்கும், நகத்தால நெம்பினா திறக்கும். அதுக்குள்ள ஃபில்டர் இருக்கு, காத்து வடிகட்டித்தான் போகும். அதுதான் ஏர்வென்ட். செட்டை மாட்டறவங்கள்ல பாதிப் பேர் அதைத் திறக்காமலே "இறங்கல"ன்னு ஊசியைத் தேடறாங்க. நாம போய் "சிஸ்டர் அந்த மூடியைத் திறந்து விடுங்களேன்"னு மரியாதையா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

காத்து உள்ள போற பாட்டில்ல இன்னொரு எச்சரிக்கை. தொப்பூர் கணவாய் விபத்து மாதிரி கேஸ்ல ரத்தம் நிறைய போயிருக்கும், ஃப்ளூயிட் வேகமா ஏத்தணும், அப்ப சுத்தி ப்ரெஷர் பேக் மாட்டி அமுக்குவாங்க. காத்தை வெளியேத்தின பையா இருந்தா சரி. காத்து இருக்கற எல்டிபிஇ பாட்டிலை கையால பிதுக்கறது பயங்கரம், திரவம் தீர்ந்ததும் காத்தும் அதே வேகத்துல நரம்புக்குள்ள போயிடும். கண்ணாடி பாட்டில் பாராசிட்டமால்ல கூட கடைசியில ஆள் பாத்துக்கிட்டே நிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

பொட்டாசியம் சேர்க்கறதும் பாட்டில் விஷயம்தான். தொங்கிக்கிட்டு ஓடற பாட்டில்ல பொட்டாசியம் குளோரைடு ஊசியைப் போட்டா அது எடை கூடுதலான திரவம், கலக்காம கீழ வாய்ப்பக்கம் போய் தங்கிடும், அடுத்து இறங்கறது கிட்டத்தட்ட நேரடி பொட்டாசியம், ஹார்ட் நின்னுடும். 10 மில்லி ஆம்பியூல்ல 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கு, விளையாட்டு இல்ல. பாட்டிலைக் கழட்டி, போட்டு, நாலு தடவை தலைகீழா புரட்டிட்டுத்தான் மாட்டணும். பாட்டில் மேல மார்க்கர் பேனாவுல எழுதறதும் வேண்டாம், மை மெல்லிசு பிளாஸ்டிக்ல ஊடுருவலாம், லேபிள்ல எழுதி ஒட்டட்டும்.

எதுக்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம்னும் சொல்லிடறேன், இல்லன்னா நாளைக்கு எல்லாரும் நான்-பிவிசி கேட்டு நிப்பீங்க. வெறும் சலைன், ஆர்எல், குளுக்கோஸ், செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஆன்டிபயாட்டிக், அரூர் பென்னாகரம் பக்கம் பாம்புக்கடிக்குப் போடற விஷமுறிவு மருந்து, எல்லாத்துக்கும் சாதா எல்டிபிஇ பாட்டிலும் சாதா செட்டும் தாராளமா போதும். அதுக்கு யாராவது விலை ஜாஸ்தி செட் வாங்கச் சொன்னா ஏன்னு கேளுங்க. அதே மாதிரி ஓசூர், தளி பக்கம் மார்கழி குளிர்ல மேனிடால் (மூளை வீக்கத்தைக் குறைக்கப் போடறது) பாட்டில்ல கல்கண்டு மாதிரி படிஞ்சு கிடக்கும், அது பிளாஸ்டிக் கோளாறு இல்ல, மேனிடாலோட குணமே அது. படிகம் இருக்கறதை அப்படியே ஏத்த மட்டும் விடக்கூடாது, சூடு காட்டி முழுசா கரைச்சு, உடம்பு சூட்டுக்கு ஆறவிட்டு, ஃபில்டர் உள்ள செட்டுலதான் போடணும்.

அம்மாவுக்கு வாங்கற செட் மூணு வாரத்துக்கு ஒரு சைக்கிள்னா ஒவ்வொண்ணுக்கும் புதுசுதான், "ஃபில்டர் நல்லாத்தானே இருக்கு, கழுவி வெச்சுக்கலாம்"ங்கற பேச்சே வேண்டாம். மொத்தமா வாங்கினா விலை குறையும்னா பிரிக்காத பாக்கெட்டா வாங்கி வெச்சுக்கலாம், எக்ஸ்பைரி பாத்து. வெக்க வேண்டிய இடம் வீட்டுக்குள்ள நிழலான அலமாரி, தகர ஷீட் போட்ட வண்டி ஷெட்ல சித்திரை வெயில்ல வைக்காதீங்க, சூட்டுல பிளாஸ்டிக் சரக்கு எதுவுமே நல்லா இருக்காது. போற அன்னைக்கு பாக்கெட்டை பிரிக்காம சிஸ்டர் கையில குடுங்க, மருந்து பிரசுரத்தையும் கூடவே எடுத்துட்டுப் போங்க, அதுல இந்த செட் விஷயம் எல்லாம் அச்சுலயே இருக்கு, கடைக்காரருக்கும் ஒரு தடவை காட்டிடுங்க.